ஒன்பதாவது படம்

மாப்ள,

இன்று காலையில் உன் கேமரா பையை முதல் முறையாக அடிவரை துழாவினேன். அடியில் நீ போட்டு வைத்திருந்த அரிசி முழுக்க வண்டு. ஈரம் லென்ஸில் ஏறக் கூடாது என்று மாதம் ஒரு முறை பழைய அரிசியைக் கோழிக்கு வீசிவிட்டுப் புது அரிசி மாற்றுவாய். நீ போன மார்கழிக்குப் பிறகு யாரும் மாற்றவில்லை. எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. பாதி மாவாகிப்போன அரிசியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு உன் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ ஒரு லாரிக் கதவில் பெயிண்டுக்கு முன் பூசுகிற பட்டியைத் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உன்னிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இருபத்தி மூன்று வருடம் ஒரே பட்டறையில் இருந்தோம். ஒடுக்கு எடுப்பதும் பெயிண்ட் அடிப்பதும் என் பக்கம். கண்ணாடி அறையும் அதற்குள் இருக்கிற இரண்டு கம்ப்யூட்டரும் உன் பக்கம். சங்ககிரியில் எத்தனை பாடி பட்டறை இருக்கிறது, எவனாவது இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறானா என்று உன்னைக் கேலி செய்யாத நாளில்லை. ஒன்று வெளியுலகத்துக்கு. இன்சூரன்ஸ் சர்வேயருக்கு மெயில் போடவும், கம்பெனிக்கு எஸ்டிமேட் அனுப்பவும். மற்றது உள்வீட்டுக்கு. வண்டிகளின் படம், ஜாப் கார்டு, வண்டிக்காரர்களின் ஆர்சி, லைசென்ஸ், ஆதார் நகல் எல்லாம் அதில்தான். அதற்கு நெட் கிடையாது. ஒயர் செருகுகிற ஓட்டையின் மேல், நான் பெயிண்ட் படக் கூடாத கண்ணாடிக்கு ஒட்டுகிற மாஸ்க்கிங் டேப்பைக் கிழித்து இரண்டு மடிப்பாக ஒட்டி வைத்திருந்தாய். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்கும்போதுகூட அந்த டேப்பின் மேல் கை படாமல் வைப்பாய்.

"பெரிய அரண்மனைக் கஜானா பாரு, இவரு காவக்காரரு" என்பேன்.

"சிரிடா. அவிய நம்மள நம்பித்தான் ஆதாரைக் குடுத்துட்டுப் போறாங்க. ஒடுக்கு எடுக்கறதுக்குக் குடுத்தது மாப்ள, ஊரெல்லாம் சுத்தறதுக்குக் குடுக்கல" என்பாய்.

போனில் படம் எடுக்க விடமாட்டாய். எடுத்தால் கேமராவில்தான். எடுத்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றி, கார்டைத் துடைத்துவிடுவாய். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, தின்னர் நெடியும் வெல்டிங் பொறியும் இருக்கிற இடத்தில் வைக்க மாட்டேன் என்று வீட்டுக்கு எடுத்துப்போவாய். திங்கட்கிழமை அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவாய். மறு சனிக்கிழமை மதியம்தான் மறுபடி கொண்டுவருவாய். உன் ஒழுங்கைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வரும். இப்போதும் வருகிறது. கொஞ்சம் ஒழுங்கில்லாதவனாக இருந்திருந்தால், உன் போனிலோ என் போனிலோ எங்காவது ஒரு மூலையில் அந்தப் படம் கிடந்திருக்கும்.

எந்தப் படம் என்று உனக்குத் தெரியும்.

தீபாவளி நோம்பிக்கு இரண்டு நாள் முன்னால். பட்டறையில் நிற்க இடமில்லை. போர் போடுகிற ரிக் வண்டி நாலு ஓட்டுகிறாரே, அந்த முதலாளி தன் வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பானட் இடது பக்கம் அமுங்கி, ஹெட்லைட் உடைந்து, கிரில்லில் செம்பட்டை மயிர் கொத்தாக ஒட்டியிருந்தது.

"ஆட்டு மந்தை குறுக்க வந்துருச்சுங்க. நோம்பிக்கு மாமனார் ஊட்டுக்குப் போவோணும், நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள எப்புடியாச்சும் குடுத்துருங்க" என்றார். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன். கவனித்தேன் என்பதை உன்னிடம்கூட ஒத்துக்கொள்ளவில்லை.

சுத்தியல் படுவதற்கு முன்னால் எட்டுப் பக்கத்திலிருந்து எட்டுப் படம், அதுதான் நம் பட்டறைச் சட்டம். நீ போட்டது. வண்டியைச் சுற்றி வந்து எட்டும் எடுத்தாய். அப்புறம் குந்த வைத்து உட்கார்ந்து, கிரில்லுக்குக் கீழே இருக்கிற வலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்பதாவதாக ஒன்று எடுத்தாய். அங்கே விரல் நீளத்துக்கு ஒரு கிழிந்த துணி மாட்டியிருந்தது. வெள்ளை, பச்சைக் கரை. ஒரு ஓரம் கறுத்துப் போயிருந்தது.

"மாப்ள, ஆடு துண்டு போட்டுக்கிட்டா திரியுது?" என்றாய்.

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். முதலாளி வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். "மேய்க்கறவன் துண்டு காத்துல பறந்து வந்துருக்கும். நோம்பி நேரத்துல நோண்டாத" என்றேன். சொல்லிவிட்டு, நீ தடுப்பதற்குள் குறட்டை எடுத்து அந்தத் துணியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டாம் முறை பலமாக இழுத்தேன். வந்தது. கழிவுத் துணி போடுகிற டிரம்முக்குள் எறிந்துவிட்டு, தண்ணீர்க் குழாயை எடுத்து கிரில்லைக் கழுவினேன். சிவந்த தண்ணீர் பட்டறைத் தரையில் ஓடியது. மறுநாள் சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு வண்டியைக் கொடுத்தோம். பளபளவென்று இருந்தது. என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்த வாரம் டீக்கடைப் பேப்பரை மடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாய். பைபாஸ் ஓரம் விடியற்காலையில் ஆடு ஓட்டிப் போன மேச்சேரிப் பக்கத்து வியாபாரி ஒருவர் அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்துபோனார், கூடவே மூன்று ஆடும் போயிற்று என்று நாலு வரி.

"ஸ்டேசன்ல போயிச் சொல்லிரலாமா?" என்றாய்.

"அவரு வண்டி நம்ம பட்டறைல நிக்கலைன்னா ஈ ஓட்டிக்கிட்டு உக்கோரணும். பொங்கல் கழியட்டும், பாத்துக்கலாம்."

நீ பேப்பரை எடுத்துக்கொண்டாய். அப்புறம் சொன்னாய்: "சரி. படம் பத்திரமா இருக்குது. எங்க போயிறப் போவுது."

இந்த இடத்தில் உன்னையும் நான் விடமாட்டேன் மாப்ள. செத்தவன் என்பதற்காக உன்னைத் தூக்கி வைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. நீயும் போகவில்லை. என்னைவிட உனக்கு மனசாட்சி அதிகம், ஆனால் படம் பூட்டுக்குள் இருக்கிறது என்ற தெம்பில் நீயும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினாய். அந்த அறையின் ஒழுங்குதான் நம் இரண்டு பேரையும் தூங்க வைத்தது. பத்திரமாக வைத்துவிட்டால் சொல்லிவிட்ட மாதிரி என்று நினைத்துக்கொண்டோம்.

பொங்கல் வருவதற்குள் நீ போய்விட்டாய். எஸ்டிமேட் அடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். உன்னை என் வண்டியில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பறந்தேன். காக்காபாளையம் தாண்டும்போதே உன் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. அதை உணர்ந்த பிறகும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனேன்.

பவானி கூடுதுறையில் உன் சாம்பலைக் கரைத்தோம். உன் மனைவி உன் துணிமணியை ஒரு பழைய போர்வையில் மூட்டையாகக் கட்டி என் கையில் கொடுத்தாள். புழங்கின துணியை ஆற்றோடு விடுவது வழக்கம்தானே. குமாரபாளையம் பாலம் தாண்டுகிற வரைக்கும் அந்த மூட்டையை மடியில் வைத்திருந்தேன். உன் காக்கிச் சட்டைகளின் தின்னர் வாடை அடித்தது. தண்ணீரில் இறங்கி விடும்போது நடுவில் கனமாக, கெட்டியாக ஏதோ கையில் தட்டுப்பட்டது. உன் பெல்ட் பக்கிள் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கக்கூட இல்லை. எதுவாக இருந்தாலும் அவனுடையது, அவனோடேயே போகட்டும் என்று முங்க விட்டேன். அழுதுகொண்டிருந்தேன்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம், காலில் பிய்ந்து ஊக்குப் போட்ட செருப்பு. மகுடஞ்சாவடியிலிருந்து குமாரபாளையம் வரைக்கும் ரோட்டோரம் இருக்கிற ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நம்முடையது எத்தனையாவது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏனுங்க சாமி, தீவாளிக்கு முன்னால முன்பக்கம் அடிபட்ட வண்டி ஏதாச்சும் இங்க வந்துச்சுங்களா?"

எல்லாப் பட்டறையிலும் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி மனப்பாடமாகியிருந்தது. நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மஞ்சப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறினார். வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை. ஒரு மூலை கிழிந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்கூட்டுக்காரரு குடிக்க மாட்டாருங்க. பீடி கூடக் கெடையாது. குடிச்சுப்போட்டு ரோட்டுல உழுந்து கெடந்தாருன்னு ஊரே பேசுதுங்க. கேசுலயும் அப்புடித்தான் எழுதிக்கிட்டாங்களாமா. பொண்ணுக்கு எடம் பாக்கப் போனா, குடிகாரன் புள்ளையான்னு கேக்கறாங்க. எனக்கு வேற ஒன்னும் வேண்டாங்க சாமி. அவரு தன் பாட்டுக்கு ஓரமாத்தான் போனாரு, வண்டிதான் வந்து மோதுச்சுன்னு எழுதிக் குடுத்தாப் போதும்."

நான் குறட்டால் இழுத்த துணி அந்த மூலையிலிருந்து கிழிந்ததுதான். ஆனால் மாப்ள, உண்மையைச் சொல்கிறேன், பயத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. படம் இருக்கிறது. நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. தேதியும் வண்டி நம்பரும் அதிலேயே இருக்கிறது, அது பேசிக்கொள்ளும். முதலாளி கேட்டால், செத்துப்போனவன் எடுத்து வைத்தது, எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிடலாம். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம். "அடுத்த திங்கக்கெழம வாங்கம்மா, எங்கிட்டப் படம் இருக்குது" என்றேன். அவர் என் காலில் விழப் போனார். அவருடைய வக்கீலின் மெயில் முகவரி எழுதின சீட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானமே உன் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். உன் மேசையில் பென் டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை. எங்கே வைத்துப் பூட்டினாயோ. உள்வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டு ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தேடி, அந்த ஃபோல்டரைக் கண்டுபிடித்தேன். எட்டுப் படம். ஒன்பதாவது. திரை முழுக்க அந்தத் துணி. பச்சைக் கரையின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. அதன் கீழே நீ தமிழில் அடித்து வைத்திருந்தாய்: "ஆடு என்கிறார். துண்டுத் துணி மாட்டியுள்ளது." உன் கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

என் போன் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துத் திரையை ஒரு கிளிக் செய்திருந்தால் போதும். இதை நினைத்து எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டேன் என்று கணக்கில்லை. ஒரு கிளிக்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேராக வக்கீலுக்கு அனுப்பிவிடலாம் என்று நீ ஒட்டின மாஸ்க்கிங் டேப்பை நகத்தால் கிள்ளி உரித்தேன். மற்ற கம்ப்யூட்டரில் இருந்த நீல ஒயரைப் பிடுங்கி இதில் செருகினேன். மெயிலைத் திறந்ததும் மேலேயே ஒன்று வந்து நின்றது. இங்கிலீஷில் ஏதோ வண்டி, ஏதோ போட்டோ என்று இருந்தது. வக்கீல்தான் முந்திக்கொண்டு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து அதை அமுக்கினேன். ஒன்றும் திறக்கவில்லை. இன்னும் இரண்டு முறை அமுக்கினேன். ஒடுக்கு எடுக்கிறவனுக்கு வராவிட்டால் பலமாக அடிப்பதுதானே பழக்கம்.

கொஞ்ச நேரத்தில் படங்களின் பெயரெல்லாம் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தது. ஏதோ நெட் வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டு ஒயரைப் பிடுங்கியிருப்பாய். நான் டீ வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. அப்போதுதான் ஒயரைப் பிடுங்கினேன். அது பிடுங்கினாலும் ஒன்றுதான், பிடுங்காவிட்டாலும் ஒன்றுதான்.

சேலத்திலிருந்து ஒருவரை வரவழைத்தேன். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தார். "அண்ணா, அந்த மெயில்ல வைரஸை உட்டு எல்லா ஃபைலையும் பூட்டிட்டாங்க, பணங் கேக்கறாங்க. சாவி அவங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு. எங்க இருக்கறாங்கன்னு யாருக்கும் தெரியாது" என்றார். சிவப்பு எழுத்தில் அவர்கள் கொடுத்திருந்த முகவரிக்குப் பணம் தருகிறோம் என்று கெஞ்சி எழுதிப் பார்த்தோம். பதிலே இல்லை. கேமரா கார்டைக் கிளறிப் பார்த்தார். நீ துடைத்த படங்களின் மேலே இந்த ஆறு மாதமாக நான் எடுத்த படங்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. மங்கலான, தலை கோணின, ஒன்றுக்கும் உதவாத படங்கள். "பேக்அப் ஏதாச்சும் இருக்குங்களாண்ணா?" என்று கேட்டார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. கறுப்பு ஹார்ட் டிஸ்க்! சட்டை கூட மாற்றாமல் உன் வீட்டுக்கு ஓடினேன். உன் மனைவி வாசலில் வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, அவன் சனிக்கெழமை சனிக்கெழமை ஒரு கறுப்புப் பொட்டி கொண்டாருவானே, எங்க அது?"

"அதுங்களாண்ணா? தூசி படக் கூடாதுன்னு காக்கிச் சட்டைல சுத்தித்தான வெப்பாரு. பீரோ அடித்தட்டுல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அண்ணா, காக்கியெல்லாம் ஒட்டுக்காக் கட்டி உங்ககிட்டத்தானுங்களே குடுத்தேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பைக் கையில் வாங்கினேன். அந்த மூட்டைக்குள் தட்டுப்பட்ட கெட்டியான பொருளை என் விரல்கள் அப்போதுதான் அடையாளம் கண்டுகொண்டன.

பைத்தியக்காரன் மாதிரி அன்றைக்கே கூடுதுறைக்குப் போனேன். சில்லறை பொறுக்க முங்குகிற ஆட்களைப் பிடித்துக் கேட்டேன், மார்கழியில் விட்ட ஒரு போர்வை மூட்டை என்று. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் பெரியவர் ஒருவர் என் தோளைப் பிடித்துப் படிக்கட்டுக்குக் கூட்டிவந்தார்.

"தண்ணி எத்தன வாட்டி ஏறி எறங்கியாச்சு சாமி. ஆத்துல உட்டதைத் திருப்பிக் கேக்கக் கூடாதுங்க. ஊட்டுக்குப் போங்க."

உன்மேல் அந்தப் படிக்கட்டில் நின்று எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. இத்தனை காவல் காத்தவன், அந்த டிஸ்க் எங்கே இருக்கிறது என்று இன்னொரு மனிதனுக்குச் சொல்லி வைக்கவில்லையே என்று ஆற்றைப் பார்த்துத் திட்டினேன். பக்கத்தில் திதி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பயந்துபோனார்கள். அப்புறம் நினைத்துப் பார்த்தேன். நீ சொன்னாய். பல முறை சொன்னாய். "நாளப்பின்ன நா இல்லைன்னா நீதான் பாக்கோணும், வா காட்டித் தாரேன்" என்று கூப்பிடுவாய். எனக்குச் சுத்தியல் இருக்கிறது, உனக்குப் பொட்டி இருக்கிறது, போடா என்று நான்தான் வரமாட்டேன்.

திங்கட்கிழமை அந்த அம்மா வந்தார். புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார் மாப்ள. தலையில் பூ இல்லை, ஆனால் முகம் கழுவி, தலை படிய வாரி, ஒரு நல்ல காரியத்துக்குப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டதையும் டிஸ்க் ஆற்றோடு போனதையும். அவருக்கு அதில் பாதி புரிந்திருக்காது.

"படம் போனாப் போவுதுங்க சாமி. நீங்க கண்ணுல பாத்தீங்கல்ல?"

"நாஞ் சொன்னா எடுபடாதும்மா, ஆதாரம் வேணும்" என்று ஏதோ உளறினேன். அவர் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமையும் வந்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அதற்கடுத்த திங்கட்கிழமையும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று. பட்டறையை மூடிவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ரயில் கேட்டைத் தாண்டும்போது வேறு நினைப்பும் வந்தது. உன்னிடம் மறைப்பானேன்.

போன வாரம் ரிக் முதலாளி போன் செய்தார்.

"யாரோ ஒரு பொம்பள உங்க பட்டறை வாசல்ல வந்து உக்காந்துக்குதாமா? உங்க கூட்டாளி வண்டிக்கு வண்டி போட்டா எடுப்பாரே, அதெல்லாம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. கம்ப்யூட்டரு கெட்டு எல்லாம் போச்சுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. "நல்லதாப் போச்சு உடுங்க" என்றார். மறுநாளே ஒரு ரிக் வண்டியை முழுப் பெயிண்டுக்கு அனுப்பி வைத்தார்.

நல்லதாப் போச்சு. நீ இருபது வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தது போனது அவருக்கு நல்லதாகப் போயிற்று. அந்த ரிக் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதில் கை வைக்க முடியவில்லை. எனக்கு வீரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் வாயிலிருந்து வந்த அந்த மூச்சுச் சத்தத்தோடு என்னால் இனிமேல் இருக்க முடியாது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

நேற்று திங்கட்கிழமை. அந்த அம்மா வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். "ஏறுங்கம்மா" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் எஸ்ஐ முதலில் சலித்துக்கொண்டார். படம் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். துணி இருக்கிறதா என்றார்.

"இல்லீங்கய்யா. நாந்தான் குறட்டுல புடிச்சு இழுத்துக் குப்பைல போட்டனுங்க. மொதத் தடவ வரலைங்க, ரெண்டாந்தடவ இழுத்தேன். கிரில்லுல ஒட்டியிருந்த ரத்தத்தையும் நாந்தான் கழுவி உட்டனுங்க."

அவர் பேனாவை நிறுத்தினார். "தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இதை எழுதுனா உங்க மேலயும் கேசு வரும். அப்பறம் என்னையக் கேக்கக் கூடாது."

என் மகளின் முகம் வந்து போனது. பட்டறையில் வேலை செய்கிற பதினோரு பேர் வந்து போனார்கள். "எழுதுங்கய்யா" என்றேன்.

கீழே விழுந்து கிடந்தவர்மேல் ஏறியிருந்தால் பானட் அமுங்கியிருக்காது, இடது ஓரமாக நடந்து போனவர்மேல்தான் வண்டி மோதியிருக்கிறது என்று என் தொழிலை வைத்துச் சொன்னேன். அந்தச் சமயம் கூட யார் இருந்தது என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். வயதைச் சொன்னேன். அவரையும் கூட்டிட்டு வாங்க என்றார். இறந்துவிட்டாய் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டு, கடைசியில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. சொல்லிரலாமா என்று நீ கேட்டு எட்டு மாதம் கழித்து, இரண்டு பேரும் ஒருவழியாக ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்திருந்தோம். கையெழுத்துப் போட்டேன்.

வழக்கு நிற்குமா தெரியாது. முதலாளியின் ஆட்கள் இன்று காலையில் வந்து ரிக் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னை எப்போது கூப்பிடுவார்கள், திரும்பி அனுப்புவார்களா என்பதும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது மாப்ள. உள்ளங்கை வேர்த்து எழுத்து கலைகிறது.

நேற்று வெளியே வந்தபோது அந்த அம்மா ஸ்டேஷன் படியில் நின்றுகொண்டிருந்தார்.

"எழுதிக்கிட்டாங்களா சாமி?"

"எழுதிக்கிட்டாங்கம்மா."

"குடிச்சிருந்தாருன்னு இல்லாமயா?"

"இல்லாமத்தாம்மா. ஓரமாத்தான் போனாருன்னு எழுதியிருக்குது."

அவர் மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதார். இத்தனை வாரத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை. ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான் அவரை ஏதோ செய்துவிட்டேன் என்பது போல என்னையும் பார்த்தார்கள். நானும் பக்கத்தில் நின்றேன், வேறெங்கும் போகவில்லை.